ஸ்டெம் செல் கேன்சரைத் தின்னுமா? பாரிஸ் மஜ்ஜைக் கதை

நம்ம நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "ரேடியேஷனோட ஸ்டெம் செல்லும் குடுத்தா, அந்தச் செல் போய் கேன்சரைத் தின்னுடுமாமே, நிஜமா?"

சாகடிக்கிறது ரேடியேஷனும் கீமோவும்தாங்க. ரத்தப் புற்றுநோய்ல உடம்பு முழுக்கக் கதிர் பாய்ச்சினா நோய்ச் செல் சாகும். கூடவே எலும்பு மஜ்ஜையும் செத்துப்போகும். மஜ்ஜை போச்சுன்னா ரத்தம் ஊறாது, சாதாரணக் கிருமியே ஆளைக் கொண்டுபோயிடும். வெறுமையான அந்த வயல்ல நாத்து நடுற மாதிரி ஏத்துறதுதான் மஜ்ஜையில இருக்கிற ஸ்டெம் செல்.

முன்கதையைச் சட்டுன்னு சொல்லிடுறேன். 1949-ல சிகாகோவுல லியான் ஜேக்கப்சன் எலியோட மண்ணீரலை மட்டும் ஈயத்தால மறைச்சுட்டுக் கதிர் பாய்ச்சினார், எலி பிழைச்சுது. 1951-ல ஈகான் லாரன்ஸ் குழு மஜ்ஜையை ஊசியில ஏத்தியே எலிகளைக் காப்பாத்துச்சு. 1957-ல அமெரிக்காவுல டானல் தாமஸ் மனுஷங்களுக்குச் செஞ்சு பார்த்தார். 6 நோயாளிகள். ஒருத்தர்கூட 100 நாள் தாண்டலை.

இப்ப நான் சொல்ல வந்த இடம். 1958 அக்டோபர் 15, யுகோஸ்லாவியா. பெல்கிரேடு பக்கத்துல வின்ச்சா ஆராய்ச்சி நிலையம். சின்னச் சோதனை அணு உலை, சுத்தித் தடுப்புச் சுவர் கிடையாது. சோதனை நடக்கும்போது உலை கட்டுப்பாட்டை மீறிடுச்சு. ஓசோன் வாடை மூக்குல ஏறின பிறகுதான் அங்க இருந்தவங்களுக்கு உறைச்சுது. 6 பேர் கதிர்ல சிக்கிட்டாங்க, பெரும்பாலும் இளவட்டங்க. எல்லாரையும் பாரிஸ்ல கியூரி மருத்துவமனைக்கு விமானத்துல கொண்டுபோனாங்க. அங்க டாக்டர் ஜார்ஜ் மதே.

மதே 5 பேருக்கு மஜ்ஜை ஏத்த முடிவு பண்றார். யார் மஜ்ஜை? முன்னப்பின்ன தெரியாத பிரெஞ்சுக்காரங்களோடது! மார்செல் பாபியோன், அல்பேர் பிரோன், ரேமோன் கஸ்தானியே, ஒதெத் திராகி, லெயோன் ஷ்வார்ட்சன்பர்க். ஒதெத் பிள்ளைகளைப் பெத்த தாய். லெயோன் டாக்டர். இன்னைக்குப் பொருத்தம் பார்க்கிற எச்எல்ஏ பரிசோதனை அன்னைக்குக் கிடையாது. ழான் டோசே அதுல முதல் ஆன்டிஜனை விவரிச்சதே அந்த 1958-லதான். எலும்புக்குள்ள ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தா தனக்கு என்ன ஆகும்னு நிச்சயமா சொல்ல ஆள் இல்லாத காலத்துல படுத்துக்கிட்டாங்க.

கதிரை ரொம்ப வாங்கினவர் இறந்துட்டார். மத்தவங்க தேறி ஊர் திரும்பினாங்க. அதுல இருந்த பெண் பின்னாடி குழந்தையும் பெத்தாங்க.

மஜ்ஜை நிரந்தரமா ஒட்டலை. கொஞ்ச காலம் வேலை செஞ்சுது, அப்புறம் அவங்க சொந்த மஜ்ஜையே எழுந்துக்கிச்சு. 'ஏத்தாமலே பிழைச்சிருப்பாங்க'ன்னு பிற்பாடு சொன்ன நிபுணர்களும் உண்டு. இருக்கட்டும். அதுக்காக அந்த 5 பேரும் படுத்தது இல்லேன்னு ஆயிடுமா? 1990-ல நோபல் தாமஸுக்குப் போனதுல எனக்கு மனத்தாங்கல் இல்லை, மனுஷன் உழைச்சார். மஜ்ஜை மாற்றுன்னா அவர் பேரோட நிறுத்திக்கிறாங்களே, அங்கதான் எனக்குக் கோபம்.

மதே அதோட விடலை. 1963-ல ரத்தப் புற்றுநோயாளி ஒருத்தருக்கு உடம்பு முழுக்கக் கதிர் பாய்ச்சி, உறவுக்காரங்க 6 பேரோட மஜ்ஜையை ஏத்தினார். யாரோடது பொருந்தும்னு தெரியாதே! நோயாளி 20 மாசம் இருந்தார். அப்பத்தான் அவர் ஒண்ணைக் கவனிச்சார்: புது மஜ்ஜையில பிறக்கிற வெள்ளையணுக்கள் மிச்சமிருக்கிற புற்றுச் செல்களை வேட்டையாடுது. ஆக, நேயர் சொன்ன 'தின்னுறது' முழுப் பொய்யும் இல்லை. ஆனா அதே அணுக்கள் நோயாளியோட தோலையும் குடலையும் ஈரலையும்கூடத் தாக்கலாம். இன்னைக்கு வரைக்கும் டாக்டர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

1977-ல தாமஸ் குழு சியாட்டில்ல முத்தின ரத்தப் புற்றுநோயாளிகள் 100 பேரோட கணக்கை வெளியிட்டாங்க. பிழைச்சு நோயில்லாம இருந்தது 13 பேர். கைவிடப்பட்ட 100 பேர்ல 13!

இதெல்லாம் லுகேமியா, லிம்ஃபோமா, மைலோமா மாதிரி நோய்களுக்குத்தான். எல்லாருக்கும் ரேடியேஷனும் தேவைப்படாது, பலருக்குக் கீமோ மட்டுமே. நுரையீரல் கேன்சருக்கு ஸ்டெம் செல் ஊசின்னு யாராவது லட்சக்கணக்குல பேசினா, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலை எடுத்து முன்னால வைங்க. அது சிகிச்சை இல்லை, ஆராய்ச்சின்னு அதுல இருக்கு. ஆராய்ச்சிக்கு நோயாளிகிட்ட எதுக்குக் காசுன்னு கேளுங்க.