நம் சகோதரியை ஏற்றுக்கொள்ளுங்கள்

வானொலி மறையுரை: உரோமையர் 16:1-2



புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் கடைசி அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. வாழ்த்துகளும் பெயர்களும்தானே என்று தாண்டிவிடுகிறோம். அதன் முதல் இரண்டு வசனங்கள் ஞாயிறு திருப்பலியிலும் வருவதில்லை. இன்று வீட்டில் விவிலியத்தை எடுத்து அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

கெங்கிரேயா என்பது கொரிந்து நகரின் துறைமுகம். அவ்வூர்த் திருச்சபையின் திருத்தொண்டர் பெபேயா என்னும் பெண். அவர் கடல் கடந்து உரோமைக்குப் போகிறார். பேரரசின் தலைநகரம், அறிமுகமில்லாத ஊர். பவுலும் அதுவரை உரோமையில் கால் வைத்ததில்லை. ஆனாலும் அங்குள்ள இறைமக்களிடம் உரிமையோடு சொல்கிறார்: இவர் நம் சகோதரி. ஆண்டவர் பெயரால் இவரை ஏற்றுக்கொள்ளுங்கள். இவருக்கு எது தேவையோ அதில் உதவுங்கள். ஏனெனில் இவர் பலருக்கு ஆதரவாய் இருந்தவர், எனக்கும்தான். இந்த மடலை உரோமைக்குக் கொண்டு சென்றவரே பெபேயாதான் என்பது திருச்சபையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. செப்டம்பர் 3ஆம் நாள் அவரைப் புனிதராக நினைவுகூருகிறோம்.

அன்பார்ந்தவர்களே, ஆஸ்பத்திரியில் நாம் செவிலியரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? "சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு!" "சிஸ்டர், அம்மாவுக்குக் காய்ச்சல் குறையவே இல்லை!" நம் வீட்டு நோயாளி படுத்திருக்கும்போது அவர் நமக்குச் சகோதரி. அதே சகோதரி வேலை தேடி நம் ஊருக்கு வந்து, கோயிலின் கடைசி வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும்போது அவர் நமக்கு யார்?

அப்படி ஒருவரைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தென்மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தவர். பிரசவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் பார்த்தவர். நள்ளிரவில் டாக்டர் வந்து சேரும்வரை எத்தனையோ உயிர்களைக் கைக்குள் வைத்துக் காத்தவர். கணவருக்கு வேலை மாறியதால் சென்னைக்கோ பெங்களூருக்கோ வருகிறார். வீட்டு அட்வான்சுக்கு நகையை அடகு வைத்தாயிற்று. நேர்காணலுக்குப் போன இடத்தில், "உங்கள் அனுபவம் சின்ன ஆஸ்பத்திரி அனுபவம். புதிதாகப் படித்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம்தான் தர முடியும்" என்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளும் ஒரே வாக்கியத்தில் அழிந்துபோகின்றன. அவர் வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடம்கூடச் சொல்வதில்லை.

வெளிமாநிலம் போகிறவருக்குச் சிரமம் இன்னும் கூடுதல். நம் நாட்டில் செவிலியர் பதிவு மாநிலவாரியானது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் கர்நாடகத்தில் பணிபுரிய, இங்குள்ள கவுன்சிலில் தடையில்லாச் சான்று பெற்று அங்குள்ள கவுன்சிலில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அந்தக் காகிதங்கள் கைக்கு வரும்வரை வருமானம் இல்லை. பழைய மருத்துவமனை அனுபவச் சான்றிதழைத் தர இழுத்தடித்தாலோ, மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தாலோ, அவர் கதி என்ன?

இந்த இடத்தில்தான் பவுலின் இரண்டு வசனங்கள் நம்மிடம் பேசுகின்றன. பவுல் பெபேயாவுக்காக இரக்கம் கேட்கவில்லை. "பாவம், ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதவில்லை. இவர் பலருக்கு ஆதரவாய் இருந்தவர் என்று அவர் செய்த பணியைச் சொல்லி, அதன் பேரில் வரவேற்பு கேட்கிறார். புதிய ஊரில் அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கக் கூடாது. பழைய ஊரில் செய்த நன்மை அவரோடு கூடவே வர வேண்டும். நற்சான்று என்பதன் பொருள் அதுதான்.

ஆகவே மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு, நம் துறவற சபைகளின் நிறுவனங்களையும் சேர்த்தே, ஒன்று சொல்கிறேன். பணியை விட்டுப் போகும் செவிலியருக்கு உண்மையான அனுபவச் சான்றிதழைக் காலதாமதமின்றிக் கொடுங்கள். அது நீங்கள் செய்யும் தயவு அல்ல. அவர் உழைத்துச் சம்பாதித்தது. வருகிறவருடைய அனுபவத்துக்கு உரிய ஊதியம் கொடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து அமைந்த நிபுணர் குழு 2016இல் பரிந்துரைத்தது என்ன? 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. "பரிந்துரைதானே, சட்டமில்லையே" என்று சிலர் சொல்லலாம். கூலி பிடித்தம் செய்யப்பட்டவர்களின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியது என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே, அது நமக்குப் போதாதா?

பங்கு மக்களுக்கும் ஒரு வார்த்தை. புதுக் குடும்பம் வந்தால் பெயரைப் பதிந்து, சந்தா எவ்வளவு என்று சொல்லி அனுப்புவதோடு நம் வரவேற்பு முடிந்துவிடுகிறது. அன்பியத்தார் ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போங்கள். "என்ன வேலை பார்த்தீர்கள், இப்போது என்ன தேவை?" என்று கேளுங்கள். அவருடைய தேவை பெரும்பாலும் பணமாக இருக்காது. இரவுப் பணி நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு பாட்டியம்மா வேண்டும். எந்த மருத்துவமனையில் மரியாதையாக நடத்துவார்கள் என்று சொல்ல, அங்கே வேலை செய்யும் ஒருவர் வேண்டும். ஞாயிறு காலைப் பணி இருந்தால், சனி மாலைத் திருப்பலி எங்கே என்று தெரிய வேண்டும். நம்மால் கொடுக்க முடியாத எதுவும் இதில் இல்லை.

வேலை தேடும் என் அன்புச் சகோதரியே, உங்களுக்கும் சொல்கிறேன். ஊர் மாறியதால் உங்கள் கைத்திறன் குறைந்துவிடவில்லை. நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ஊசி போட்ட அதே கைதான் இது. நேர்காணலில் தலைகுனிந்து நிற்காதீர்கள். எந்தெந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் பணிசெய்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள். நகலைக் கொடுத்து, மூலத்தைக் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒப்பந்தப் பத்திரத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் கேட்பது பாவம் அல்ல. வேலையாள் தம் கூலிக்கு உரிமை உடையவரே என்று சொன்னவர் நம் ஆண்டவர். குடும்பச் சூழ்நிலையால் குறைந்த சம்பளத்துக்குச் சேர வேண்டியிருந்தால் சேருங்கள். ஆனால் உங்கள் மதிப்பே அவ்வளவுதான் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பவுல் கேட்டுக்கொண்டபடி உரோமை மக்கள் பெபேயாவை வரவேற்றார்களா? விவிலியம் சொல்லவில்லை. நம் பங்குக்கு வந்திருக்கும் பெபேயாவை நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம் என்பது மட்டும் ஆண்டவர் முன்னிலையில் எழுதப்படும். அன்னியரை ஏற்றுக்கொள்கிறவர் தம்மையே ஏற்றுக்கொள்கிறார் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

செபிப்போம். நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரே, உம் கைகளாக இருந்து உழைத்த எங்கள் சகோதரிகள் புதிய ஊர்களில் வேலை தேடி நிற்கிறார்கள். அவர்களுக்கு நேர்மையான வேலையையும் நிம்மதியான உறைவிடத்தையும் தாரும். அவர்கள் தட்டும் கதவைத் திறக்கிறவர்களாக எங்களை மாற்றும். ஆமென்.