வாசலில் நின்றவர்



உயிர்ப்புப் பெருவிழாவின் காலைத் திருப்பலியில் நாம் கேட்கும் நற்செய்தியில் இருவர் ஓடுகிறார்கள். மகதலா மரியா கொண்டுவந்த செய்தியைக் கேட்டதும் பேதுருவும் இயேசுவின் அன்புச் சீடரும் கல்லறையை நோக்கி ஓடுகிறார்கள். அன்புச் சீடர் வேகமாக ஓடி முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். ஆனால் உள்ளே நுழையவில்லை. குனிந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நிற்கிறார். பேதுரு வந்து உள்ளே போன பிறகே அவரும் போகிறார். பேதுருவின் தலைமைக்குக் காட்டிய மரியாதை அது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. இருக்கட்டும். பின்னால் வரும் தோழருக்காக ஒருவர் நின்றார் என்பதே இன்றைக்கு நமக்குப் போதும்.

லண்டனில் வாழும் நம்மில் பலருக்கு 'பார்க்ரன்' என்ற சனிக்கிழமை ஓட்டத்தைத் தெரிந்திருக்கும். 2004 அக்டோபர் 2 அன்று, நகரின் தென்மேற்கே புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கி வைத்தது அது. அதற்கு ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹெவிட் அந்த 13 பேரில் இல்லை. காயம் காரணமாக அவரால் அப்போது ஓட முடியவில்லை. ஓட்டத் தோழர்களை விட்டு விலகவும் மனமில்லை. ஆகவே அவர்களை ஓடவிட்டு, தாம் நேரம் குறித்தார். இன்று அதே பூங்காவில் ஆயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். இருபதுக்கும் அதிகமான நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. தூரம் 5 கிலோமீட்டர். கட்டணம் கிடையாது. நடந்தே முடிப்பவர்களும் ஏராளம். எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை நியமிக்கிறார்கள். கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான். வேறு யாரும் கடைசியாக வர முடியாது! இந்த ஏற்பாட்டை யோசித்தவரை நாம் மனதாரப் பாராட்ட வேண்டும்.

சென்ற கோடையில் அங்கே நாங்கள் இருவர் போனோம். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்களில் ஒருவர் குரு, மற்றவர் மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகளானவர். ஊரார் முன்னால் 'பாதர்' என்பார், தனியே இருந்தால் 'மச்சான்' என்பார். ஈஸ்ட்ஹாமிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, வாட்டர்லூவில் ரயில் மாறி, டெடிங்டனில் இறங்கினோம். வழியெல்லாம் ரயில் கட்டணத்தைப் பற்றியும், அந்தக் காலத்து உதைபந்தாட்டத்தைப் பற்றியும் பேசினார். பூங்கா வாசலில் கூட்டத்தைக் கண்டதும் தயங்கினார்.

“கடைசியா வந்தால் சனம் என்ன நினைக்கும் மச்சான்? நீ ஓடு. நான் உந்த மரத்தடியில நிக்கிறன்.”

பின்னால் வரும் தன்னார்வலரைக் காட்டினோம். அரை மனதோடு வந்தார். முதல் கிலோமீட்டரிலேயே கூட்டம் எங்களைக் கடந்து போய்விட்டது. புல்வெளியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எங்கள் வேகம் பிடித்திருக்க வேண்டும், தலைகூட நிமிர்த்தவில்லை.

இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் வீட்டுக்கு எத்தனையோ முறை போய், எதிரே அமர்ந்து, “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டதுண்டு. “சுகமா இருக்கிறன்” என்பதே பதில். தேநீர் வரும், பேச்சு முடிந்துவிடும். அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில், முன்னால் இருந்த பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: அவள் போன நாளிலிருந்து கட்டிலில் படுப்பதில்லையாம். முன்னறையில் சாய்மனைக் கதிரையில்தான் இரவு கழிகிறதாம். பிள்ளைகளுக்கும் தெரியாதாம். (அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.) பின்னால் வந்துகொண்டிருந்த தன்னார்வலப் பெண்மணி இன்னும் சில அடிகள் பின்வாங்கி நடந்தார். நம் மொழி அவருக்குப் புரிந்திராது, குரல் புரிந்திருக்கும்.

பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. மறையுரைக்கு உதவும் வார்த்தைகள் அங்கே உதவவில்லை. நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம், அவ்வளவே. 5 கிலோமீட்டருக்கு 58 நிமிடங்கள். முடிவிடத்தில் இருந்தவர்கள் முதலில் வந்தவருக்குத் தட்டியது போலவே எங்களுக்கும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு, அவர் மூத்த மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கட்டில் அறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரவுகள் எல்லாம் சரியாகிவிட்டன என்று சொல்ல மாட்டோம்.

நேயர்களே, உங்கள் பங்கிலும் இப்படி 'சுகமா இருக்கிறன்' என்று கதவை மெல்லச் சாத்திக்கொள்பவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு எங்காவது புறப்படுங்கள். பார்க்ரன் என்றால், இணையத்தில் ஒருமுறை பதிவு செய்துகொண்டு, அவர்கள் தரும் பார்கோடோடு போனால் போதும். இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கும். முழங்கால் இடம் கொடுக்காதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது: நேரம் குறிக்கலாம், வளைவில் நின்று வழிகாட்டலாம், எல்லாருக்கும் பின்னால் நடந்து வரலாம். அதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும்.