குதிரை வண்டிக் காலத்துத் தீயணைப்பு வீரர்



நகரங்களைக் காத்தவர்கள் என்றவுடன் கோட்டை கொத்தளங்களும் வாளேந்திய வீரர்களுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. மாற்றாரின் படை தலைமுறைக்கு ஒரு முறை வரலாம். தீயோ எந்த இரவிலும் எந்தக் கூரையிலும் தோன்றக்கூடிய பகை. அந்தப் பகையை எதிர்ப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, அத்தொழிலுக்கு ஓர் ஒழுங்கையும் வகுத்துத் தந்த ஜேம்ஸ் பிரேட்வுட் என்பவரைப் பற்றி இன்று கூற விரும்புகின்றேன்.

அவர் ஸ்கொத்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் 1800ஆம் ஆண்டு பிறந்தவர். கட்டடத் தொழிலிற் பயிற்சி பெற்றவர். 1824ஆம் ஆண்டில், தமது இருபத்து நான்காவது வயதில், அந்நகரின் தீயணைப்புப் படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். பதவியேற்ற சில வாரங்களுக்குள், அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், எடின்பரோ வரலாற்றிலேயே மிகக் கொடிய தீ மூண்டது. நெருக்கமாக அமைந்த உயர்ந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றி எரிந்தன. பலர் மாண்டனர், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. இளம் தலைவரிடம் போதிய நீர் இல்லை; பயின்ற ஆட்களும் இல்லை. அவற்றினும் பெருங்கேடு ஒன்றிருந்தது. நகர அதிகாரிகளும் பிரமுகர்களும் ஆளுக்கொரு கட்டளையிட்டனர். யார் சொல்லைக் கேட்பதென்று தெரியாமற் படையினர் அங்குமிங்கும் ஓடினர். இதன்பின்னரே, தீ எரியும் இடத்திற் கட்டளையிடும் உரிமை படைத்தலைவர் ஒருவருக்கே உண்டென்பது உறுதிசெய்யப்பட்டது.

பிரேட்வுட் தம் படைக்கு ஆட்களைத் தேர்ந்த முறை கவனிக்கத்தக்கது. தச்சர், கொத்தர், கூரை வேய்வோர், கொல்லர் ஆகியோரையே அவர் நாடினார். சுவர் எவ்விடத்திற் பலவீனமானது, உத்தரம் எவ்வளவு சுமை தாங்கும், கூரைமேல் எங்ஙனம் கால் வைப்பது என்பவற்றை அவர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தெருக்களில் மக்கள் நடமாட்டம் தொடங்குமுன், விடியற்காலையின் அரையிருளில், அந்நகரின் செங்குத்தான சந்துகளில் அவர்களுக்குப் பயிற்சியளித்தார். இருளிலும் குளிரிலும் பழகிய கைகள் ஆபத்து நேரத்தில் தடுமாறா என்பது அவர் எண்ணம்.

அவர் கற்பித்த பாடங்களுள் மூன்றைக் கூறலாம். முதலாவது, தெருவில் நின்று புகையை நோக்கி நீரை இறைப்பதாற் பயனில்லை. கட்டடத்தினுள் நுழைந்து, எரிகின்ற பொருளின்மீதே நீர் படுமாறு செய்தல் வேண்டும். இரண்டாவது, புகை நிறைந்த அறையிலும் தரையை ஒட்டிச் சிறிதளவு நல்ல காற்று இருக்கும். ஆதலால் தவழ்ந்து செல்லுதல் வேண்டும். மூன்றாவது, எவரும் தனியாக உள்ளே செல்லலாகாது. ஒருவர் மயங்கினால் மற்றவர் இழுத்துவர வேண்டும். இம்முறைகளை விளக்கி அவர் 1830இல் ஒரு நூலை வெளியிட்டார். நூற்றாண்டுகள் மாறிய பின்னும் தீயணைப்புப் பயிற்சியின் அடிப்படைகளாக இவை நிலைபெற்றிருக்கின்றன.

அவர் புகழ் இலண்டனை எட்டியது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் அந்நகரிற் காப்புறுதிக் கம்பனிகள் தோன்றித் தத்தமக்கெனத் தீயணைப்புப் படைகளை வைத்திருந்தன. 1833ஆம் ஆண்டு பத்துக் கம்பனிகள் தம் படைகளை ஒன்றாக்கி, அவற்றுக்குப் பிரேட்வுட்டைத் தலைவராக்கின. அப்பெரிய மாநகருக்கு அவரிடம் இருந்தவை 19 நிலையங்களும் 80 வீரர்களுமே!

அவ்வீரரின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குடியிருப்பு நிலையத்திலேயே, அழைப்பு இரவிலும் வரும், பகலிலும் வரும். அழைப்பு வந்ததும் தோற்றொப்பியணிந்து வண்டியிலேற வேண்டும். இரு குதிரைகள் பூட்டிய அவ்வண்டி கல் பாவிய தெருவிற் பாய்ந்து செல்லும். ஆனால் குதிரைகள் இயந்திரத்தை இழுத்துவர மட்டுமே உதவும். நீரை இறைப்பதற்கு மனிதரின் கைகளே வேண்டும். இருபதுக்கு மேற்பட்டோர் இருபுறமும் நின்று நீண்ட கைப்பிடிகளை ஏற்றி இறக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களையே இதற்கு அமர்த்துவர். முதல் மணித்தியாலத்துக்கு ஒரு ஷில்லிங், பின்னர் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஆறு பென்ஸ், களைப்புத் தீரப் பியர் என்பது கூலி. பியர் வரத் தாமதித்தால் கைப்பிடிகளும் ஓய்ந்துவிடும்!

1834ஆம் ஆண்டு பாராளுமன்ற மாளிகை எரிந்தபோதும், 1838இல் றோயல் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிக மாளிகை எரிந்தபோதும் இச்சிறு படையே போராடியது. எனினும் ஒரு பெருங்குறை இருந்தது. கம்பனிகள் பணம் கொடுத்தது காப்புறுதி செய்த சொத்துக்களைக் காப்பதற்கே. மேல்மாடியிற் சிக்கிய தாயையும் பிள்ளையையும் இறக்கும் ஏணி வண்டிகளை, பொதுமக்களின் நன்கொடையில் இயங்கிய வேறொரு சங்கமே வைத்திருந்தது. உயிரைக் காப்பது கம்பனிகளின் படைக்குரிய கடமையாக இருக்கவில்லை.

தேம்ஸ் நதிக்கரையில் நெருங்கி நின்ற பெரும் பண்டகசாலைகளின் ஆபத்தைப் பற்றிப் பிரேட்வுட் எச்சரித்திருந்தார். 1861 யூன் 22ஆம் நாள் மாலை, டூலி வீதியிலுள்ள பண்டகசாலையொன்றிற் தீப்பற்றியது. சணல், பருத்தி, சீனி, கொழுப்பு, வெடியுப்பு ஆகியவை உள்ளே குவிந்திருந்தன. தீயைத் தடுப்பதற்கென்றே அமைத்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. உருகிய கொழுப்பு நதியின்மீது எரிந்துகொண்டே மிதந்தது.

வெப்பத்தாற் களைத்திருந்த தம் வீரரிடையே பிரேட்வுட் சென்று, ஊக்கமளித்து, அவர்களுக்குச் சிறிது பிராண்டி கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். காயமுற்ற ஒருவரின் கைக்குத் தம் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டினார் என்றும் கூறுவர். அவ்வேளையிற் சுவரொன்று சரிந்து அவர்மீது வீழ்ந்தது. உடலை மீட்க இரண்டு நாட்கள் ஆயின. தீ முற்றாகத் தணிய இரண்டு வாரங்கள் ஆயின. அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீண்டது.

தீயின் நட்டம் ஏறக்குறைய 20 இலட்சம் பவுண். இனி இச்சுமையைத் தாங்க இயலாதென்று கம்பனிகள் அரசாங்கத்துக்கு அறிவித்தன. அதன் விளைவாக 1865ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. 1866 சனவரி முதலாம் நாள் இலண்டனுக்குப் பொதுத் தீயணைப்புப் படை பிறந்தது. தீயை அணைத்தலோடு, உயிரையும் உடைமையையும் காத்தல் அச்சட்டத்தினாற் பொதுக் கடமையாயிற்று. உடைமைக்கு முன் உயிர் என்னும் சொல் அங்கே இடம்பெற்றதை நாம் கவனித்தல் தகும்.

1921ஆம் ஆண்டுடன் இலண்டன் தெருக்களிற் தீயணைப்புக் குதிரைகளின் குளம்பொலி அடங்கிற்று. எடின்பரோவில் 2008ஆம் ஆண்டு பிரேட்வுட்டுக்குச் சிலை எழுப்பினர். கருவிகள் மாறிவிட்டன, தீ மாறவில்லை. திறந்து கிடந்த இரும்புக் கதவுகள் ஒரு செய்தியை நமக்குச் சொல்லுகின்றன. வீரர் உயிரைக் கொடுத்துச் செய்யும் பணியிற் பாதியை, நாம் ஒரு கதவை மூடிச் செய்துவிடலாம். நம் வீட்டு அடுப்படியிலும், கடையிலும், பாடசாலையிலும் அத்தகைய கதவு ஏதேனும் திறந்து கிடக்கின்றதா என்று இன்றிரவு ஒரு முறை பார்ப்போமாக. அதுவே அவ்வீரருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.