ஒரு நாள் போக முடியாததால் உரிமை போய்விடாது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வழக்கமா இந்த நேரத்துல சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணைன்னு பேசுவோம். இன்றைக்கும் கணக்குதான் பேசப் போகிறோம், ஆனால் கொஞ்சம் வேறு கணக்கு. நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். மகனாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், சில இடத்தில் உறுப்பினரே. அவர்களுக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகை, மருத்துவப் பரிசோதனைக்குப் போகவில்லை என்று நின்றுபோனால் என்ன செய்வது? அதுதான் இன்றைய பேச்சு.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்களுக்குப் பயன்படட்டும், சொல்லுங்க என்று சொன்னதும் அவர்தான். முந்திரி ஆலையில் வேலை. மகனுக்கு இருபத்து மூன்று வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. பராமரிப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்ததே, அந்தத் தொகைதான். வலிப்பு மாத்திரைக்கு அதுதான் ஆதாரம்.

மகனின் சான்றிதழ் நிரந்தரமானது அல்ல, குறிப்பிட்ட காலம் வரை செல்லுபடியாவது. மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி போனில் தேதி வந்தது. அதற்கு முந்தின ராத்திரி பையனுக்கு வலிப்பு நிற்கவே இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூன்று நாள் வார்டில். பரிசோதனைத் தேதி அப்படியே போயிற்று. மூன்று மாதம் கழித்து பாஸ்புக் பதியப் போனபோதுதான், பணம் வரவில்லை என்றே தெரிந்தது.

அலுவலகத்தில் கேட்டதற்கு வாய்ப்பேச்சாக ஒரு பதில்: "நீங்க வரல்லியே, அதான் நின்னுட்டு. புதுசா எழுதிக் குடுங்க." எழுத்தில் ஒன்றும் இல்லை. அக்கா எங்களிடம் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "போகாதது எனக்க தப்புதானே மக்கா. யாருகிட்ட போய் கேக்கதுக்கு?" அதற்குள் மாத்திரைக்காகக் குழுவில் 6,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். அரசு நிறுத்திய பணம் நம் குழுவின் கடனாக மாறிவிட்டது, பாருங்கள்.

இங்கே எங்கள் தப்பையும் சொல்ல வேண்டும். நாங்களும் அலுவலகம் சொன்னபடியே புதிய விண்ணப்பம் நிரப்பி, போட்டோ ஒட்டி, கொடுக்கப் போனோம். சட்ட உதவி முகாமுக்கு வந்த ஒரு வழக்கறிஞர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பழைய உரிமையை ஏன் நீங்களே விட்டுக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

புதிய விண்ணப்பம் என்றால் வரிசையில் கடைசியில் நிற்பது. நின்ற மாதங்களின் பாக்கியைக் கேட்க வழி அடைபடும். நிறுத்தியது சரி என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும். நிறுத்தியதை எதிர்த்து மனு கொடுத்தால் பழைய எண்ணும் பழைய தேதியும் நம் கையில் இருக்கும். ஆகவே முதலில் மறுபரிசீலனை மனு. புதிய விண்ணப்பம் கட்டாயம் என்றால், "பழைய உரிமையை விடாமல் இதைக் கொடுக்கிறேன்" என்று மேலே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ளது. அதன் 24-வது பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. ஆக இது யாரோ மனமிரங்கிக் கொடுக்கிற சலுகை இல்லை. ஒருவருக்குப் பாதகமாக முடிவெடுக்கும்முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதை 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பாஸ்போர்ட்டுக்கு உள்ள நியாயம் மாத்திரைக் காசுக்கும் உண்டு என்று நாம் கேட்கலாம்.

ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பரிசோதனைக்குப் போக முடியாமல் நின்றது ஒன்று. போய், மருத்துவர்கள் சதவீதத்தைக் குறைத்தோ சான்றிதழ் இல்லை என்றோ சொன்னது வேறு. இரண்டாவதற்கு அதே சட்டத்தின் 59-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. சான்றிதழ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. அந்தக் காகிதத்தை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு.

இனி, எங்கே போவது? பணம் எந்த ஜன்னலிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். வருவாய்த்துறை வழியாக வரும் ஓய்வூதியம் என்றால் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆனது அந்தத் தொகை. பராமரிப்பு உதவித்தொகை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஜன்னல் மாறிப்போனால் நாலு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும்.

மனுவில் என்ன எழுத வேண்டும்? பெயர், யு.டி.ஐ.டி. அட்டை எண், வங்கிக் கணக்கு, எந்த மாதத்திலிருந்து நின்றது. பிறகு, அந்தத் தேதியில் ஏன் வர முடியவில்லை என்று இரண்டே வரி. அக்கா வீட்டில் தேடினோம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் மாத்திரைக் கவரோடு கிடந்தது. அதிலிருந்த தேதிதான் எங்கள் சாட்சி. உங்களுக்கு மழைவெள்ளமாக இருக்கலாம், வீட்டில் இழவாக இருக்கலாம், தகவலே பழைய போன் நம்பருக்குப் போயிருக்கலாம். எதுவானாலும் உள்ளதை எழுதுங்கள், ஆதாரம் இருந்தால் நகலை இணையுங்கள்.

கடைசியில் நான்கு கேட்க வேண்டும். ஒன்று, நிறுத்தியதற்கான உத்தரவின் நகல். இரண்டு, பரிசோதனைக்கு வேறு தேதி. படுத்த படுக்கையாக இருந்தால் வீட்டுக்கே வந்து பார்க்கும்படி. மூன்று, தொகையைத் திரும்பத் தொடங்குவது. நான்கு, நின்ற மாதங்களின் பாக்கி. நாலாவதை நம் பெண்கள் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாதீர்கள், நம் பணம்.

மனு இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையா, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. 10 ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். பரிசோதனைத் தகவலை எந்தத் தேதியில், எந்த நம்பருக்கு, எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பலன் உண்டு. அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்; விசாரிக்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. வழக்கு வரை போனாலும் பயம் வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. கூப்பிட வேண்டிய எண் 15100.

"இம்புட்டு அலையணுமா?" என்று ஒரு சகோதரி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். நாட்டிங்காம் நகரில் மனநலப் பாதிப்புள்ள 57 வயது மனிதர் தனியாக இருந்தார். 2017-ல் மருத்துவ மதிப்பீட்டுக்கு வரவில்லை என்று உதவித்தொகையை நிறுத்தினார்கள். 2018 ஜூனில் வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் கதவைத் திறந்தபோது அவர் இறந்து கிடந்தார். எடை சுமார் 30 கிலோ. அந்த நாட்டில் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், பிறகு தீர்ப்பாயம் போகலாம். எல்லா வழியும் இருந்தது. அந்த மனிதருக்காக எழுதிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. விதிமுறையை எதிர்த்து அவர் குடும்பத்தார் போட்ட வழக்கும் 2021-ல் தோற்றது.

பரிசோதனைக்கு வராதவர் பலநேரம் வர முடியாத அளவுக்கு மோசமான நிலையில் இருப்பவர். அலுவலகத்துக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரியும். குழுவுக்குத் தெரியும். அதனால்தான் இதை இந்தக் கூட்டத்தில் பேசுகிறோம்.

அக்கா விஷயம் என்னாச்சு? மனு கொடுத்து ஏழாவது வாரம் புதிய தேதி கிடைத்தது. குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போனார்கள், ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் பையனோடு இருக்க. சான்றிதழ் புதுப்பித்தாயிற்று. பணம் திரும்ப வருகிறது. ஐந்து மாதப் பாக்கி 10,000 ரூபாய் இன்னும் வரவில்லை. அந்த மனு நிற்கிறது, நாங்களும் விடவில்லை. அடுத்தது சட்ட உதவி மையம். அக்கா இப்போது "எனக்க தப்பு" என்று சொல்வதில்லை. "பாக்கி எப்ப வரும்?" என்றுதான் கேட்கிறார்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதுங்கள். யார் வீட்டில் மாற்றுத்திறனாளி, சான்றிதழ் எந்தத் தேதி வரை, எந்த போன் நம்பர் கொடுத்திருக்கிறது, பாஸ்புக் கடைசியாகப் பதிந்தது எப்போது. மாதக் கூட்டத்தில் கடன் வசூல் முடிந்ததும் அந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசியுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். அடுத்த மாதம் நாங்கள் வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்போம்.