பெயரில்லாக் கைகள்

கொல்கத்தாவின் தென்பகுதியாகிய பெஹாலாவில் வாழும் தமிழர்கள் டயமண்ட் ஹார்பர் சாலையை நன்கு அறிவர். அலுவலகம் செல்வதும் வீடு திரும்புவதும் அவ்வழியேதான். 2022 டிசம்பரில் அதன்மேல் மெட்ரோ ரயிலும் தொடங்கிவைக்கப்பெற்றது. அச்சாலையில் தெற்கே சென்றால், ஜோகாவில், குருசதய் அருங்காட்சியகம் இருப்பதை நம்மில் பலர் அறியோம். நாமும் வெகுநாள் அறியாதிருந்து, ஒரு விடுமுறை நாளில்தான் குடும்பத்துடன் அங்கே சென்றோம்.

குருசதய் தத் 1882-இல் பிறந்தவர், ஐ.சி.எஸ். அதிகாரி. வங்காள மாவட்டங்களில் ஆட்சி புரிந்தபோது, படித்தவர்கள் கலையென்றே மதியாத பொருள்களைக் கிராமம் கிராமமாகத் தேடிச் சேர்த்தார். சுடுமண் பொம்மைகள், மர உருவங்கள், படச்சுருள்கள் முதலியன அவை. 1932-இல் அவர் தொடங்கிய பிரதசாரி இயக்கம், சாதி மத வேற்றுமையின்றி மக்களை நாட்டுப்புற ஆடல் பாடல்களில் ஒன்றுசேர்த்தது. அவர் 1941-இல் மறைந்தார். 1963-இல் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது.

அச்சேகரிப்பின் சிறந்த அணி 'கந்தா' எனப்படும் தையல் விரிப்பு. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே சித்திரம் தைப்பர். தைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். பெரும்பாலோரின் பெயர் எவருக்கும் தெரியாது. ஆயினும் ஒரு விரிப்பில் மானதாசுந்தரி என்ற பெண், அதைத் தன் தந்தைக்காகத் தைத்ததாகத் தன் பெயரையும் நூலாலேயே பொறித்திருக்கிறாள். இன்று நூறாண்டு கடந்தும் அப்பெயர் வாழ்கிறது.

படச்சுருள் வரைந்த படுவாக்களின் நிலையும் எண்ணத்தக்கது. அவர்களுள் பலர் முஸ்லிம்கள். ஆனால் இந்து தெய்வங்களின் கதைகளை வரைந்து, சுருளை விரித்துப் பாடிக்காட்டிப் பிழைத்தனர். இரு சமூகத்தாரும் அவர்களைத் தாழ்வாகவே கருதினர். அவர்தம் பாடல்களைத் தத் தொகுத்து நூலாக்கினார்.

இவ்வாறு புறக்கணிக்கப்பட்ட கைகளுக்கு இடமளிப்பது உலகில் வேறிடங்களிலும் நிகழ்ந்துள்ளது. நியூயார்க் நகரின் பெரிய அருங்காட்சியகங்கள் கறுப்பினக் கலைஞர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாதிருந்த காலத்தில், கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில், 1968-இல் ஒரு வாடகை மாடியில் ஸ்டூடியோ அருங்காட்சியகம் தோன்றிற்று. அது படைப்புகளைக் காட்டியதோடு நில்லாது, இளங்கலைஞர்கள் அங்கேயே அமர்ந்து பணிபுரியவும் இடம் தந்தது. சுற்றிலும் வாழ்ந்தோர்க்கு அது தங்கள் வீடாயிற்று. 2025-இல் அதற்குப் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது.

ஜோகாவின் கதை அத்துணை இனிதாக அமையவில்லை. 2017-இல் மத்திய அரசின் நிதியுதவி நின்றபின், ஊழியர்கள் ஊதியமின்றியும் பொருள்களைக் காத்துவந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். காண வருவோர் இல்லையேல், எக்கருவூலமும் பூட்டிய அறையாகிவிடும்.

இதனை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசாங்க மொழிபெயர்ப்பாளருக்குத் தம் எழுத்தின் கீழே பெயர் இராது. பெயரில்லாத உழைப்பு எத்தகையதென நாம் அறிவோம். அன்று அந்த விரிப்பின் எதிரே நின்ற நம் மகள், “பாட்டி கோலம் போட்ட நோட்டில் பாட்டியின் பெயர் இருக்கிறதா?” என்று கேட்டாள். வீடு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தோம். இல்லை. அன்றிரவே அவள் அட்டையில் பெயரை எழுதினாள். பாட்டி பிறந்த ஊரை நாம் சொல்லச் சொல்ல, அதனையும் சேர்த்துக்கொண்டாள்.

நேயர்களே, எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அவ்வூரின் கைவினையைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டாரையும் உடன் அழையுங்கள். அவர்கள் பாட்டியின் தையலைப் பற்றிக் கேளுங்கள். நம் பாட்டியின் கோலத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். வந்தேறிய ஊர் சொந்த ஊராவது இவ்வாறுதான்.