மகிழுந்தின் உணரிகள் சொல்லும் செய்தி

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கியம் பற்றியே பேசிப் பழகிய என்னை, இம்முறை இல்லறத்தார்க்கு அன்றாடம் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். விழாப் பந்தலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் மகிழுந்துகளைப் பாருங்கள். சென்னையிலிருந்தும் வந்தவாசி, திண்டிவனம் பகுதி ஊர்களிலிருந்தும் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தவை அவை. இன்றிரவு அவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டியவையும் அவையே. ஆகவே, மகிழுந்தின் எஞ்சினில் உள்ள உணரிகள் பழுதுற்றதை அறிந்தும் அறியாதது போல் இருந்தால் என்ன விளையும் என்பதை இன்று சொல்ல விழைகின்றேன்.

தமிழில் ‘பொறி’ என்னும் ஒரே சொல் இயந்திரத்தையும் குறிக்கும். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் புலனுறுப்புகளையும் குறிக்கும். உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவுயிர் முதலாக வகுத்துரைத்தது நம் மரபு. இன்றைய எஞ்சினோ புலன்கள் பொருத்தப்பட்ட பொறியாகவே இருக்கிறது. அப்புலன்களுக்கு ‘உணரி’ என்பது தமிழ்ப் பெயர். பணிமனையில் ‘சென்சார்’ என்றால்தான் புரியும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓடிய வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் வேலையைக் கார்புரேட்டர் செய்தது. அது உணராது, கணக்கிடாது. 1976இல் பாஷ் நிறுவனம் உருவாக்கிய ஆக்சிஜன் உணரியை வோல்வோ நிறுவனம் தன் மகிழுந்தில் பொருத்தியது. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் எஞ்சியுள்ளது என்பதை அவ்வுணரி சொல்லும். அதைக் கேட்டு எரிபொருளின் அளவு கூட்டவோ குறைக்கவோ படும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. அந்த விகிதம் பிறழாமல் காப்பதே அவ்வுணரியின் கடமை.

அதன்பின் புலன்கள் பெருகின. உள்ளே வரும் காற்றை அளப்பது ஒன்று. குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைச் சொல்வது ஒன்று. எஞ்சினில் எழும் தட்டலைக் கேட்பது ஒன்று. கிராங்க் தண்டு சுழலும் நிலையைக் கணந்தோறும் அறிவிப்பது ஒன்று. இவை அனைத்தும் ஒரு கட்டுப்பாட்டுக் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்புகின்றன. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின், உணரி இல்லாத புது மகிழுந்து என்பதே இல்லை.

அக்கணிப்பொறி தன்னையும் தன் உணரிகளையும் இடையறாது சோதித்துக்கொள்கிறது. பிழை கண்டால் அதை ஒரு குறியீடாக நினைவில் பதிகிறது. பெரும்பாலான பழுதுகளை அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் உறுதி செய்துகொண்ட பின்னரே டேஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. ஆதலால் அவ்விளக்கு அவசரப்பட்டு எரிவதில்லை. நாம்தான் அவசரப்பட்டு அதைப் புறக்கணிக்கின்றோம்.

புறக்கணிக்கத் தூண்டுவது எது? விளக்கு எரிந்தாலும் வண்டி ஓடுகிறது என்பதே. உணரி ஒன்று செயலிழந்தால், கணிப்பொறி அதன் சொல்லைத் தள்ளிவிட்டு, முன்பே தனக்குத் தரப்பட்ட ஒரு பொது அளவை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுகிறது. கண் தெரியாதவர் பழகிய வீட்டில் தடவி நடப்பதைப் போன்றது அது. வீட்டிற்குள் நடக்கலாம், நெடுஞ்சாலையில் நடக்க முடியுமா? வழியில் நிற்காமல் பணிமனை வரை செல்வதற்கென்று அமைந்த ஏற்பாட்டை, ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கான உரிமமாக நாம் கொள்கின்றோம்.

இனி விளைவுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆக்சிஜன் உணரி பழுதுற்றால் முதலில் மைலேஜ் குறையும். பெட்ரோல் தேவைக்கு மேல் சென்றால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், எஞ்சின் திணறும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு அது. நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் பணி. அளவு மீறிய வெப்பத்தில் அத்தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியின்றி எஞ்சின் ஆற்றல் இழக்கும். ஓர் உணரியின் விலையைக் கணக்குப் பார்த்தவர், அதைப் போல் பல மடங்கு விலையுள்ள கன்வெர்ட்டரை வாங்க நேரும்.

நீரின் வெப்பத்தைச் சொல்லும் உணரியைப் பற்றி ஒரு நுட்பத்தைக் கூற வேண்டும். அது முற்றிலும் ஊமையாகிவிட்டால் கணிப்பொறி கண்டுகொள்ளும். பல வண்டிகளில் ரேடியேட்டர் விசிறியை நிறுத்தாமல் ஓடவிட்டுக் காக்கும். அது பேசிக்கொண்டே பொய் சொன்னால்தான் ஆபத்து. சூடேறிய எஞ்சினைக் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னால், கணிப்பொறி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மிகுதியான பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும், உறுப்புகள் தேயும். விசிறி சுழல வேண்டிய நேரத்தில் சுழலாமற் போனால் எஞ்சின் கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் போகும். சிலிண்டர் ஹெட் வளையும். அதன்பின் செலவு உணரியோடு முடியாது. எஞ்சினையே இறக்கிப் பிரிக்க நேரும்.

தட்டலைக் கேட்கும் உணரி செவியை ஒத்தது. எரிபொருள் உரிய கணத்திற்குப் புறம்பாகத் தானே வெடித்து எரியும்போது எழும் அதிர்வை அது கேட்டுச் சொல்லும். அச்செவி கெட்டால், கணிப்பொறி அச்சத்தால் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். வண்டி இழுவை குன்றும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எரிபொருள் வீணாகும்.

கிராங்க் தண்டின் நிலையறியும் உணரியே இவற்றுள் அஞ்சத்தக்கது. அதன் செய்தி நின்றால் எப்போது எரிபொருளைச் செலுத்துவது, எப்போது பொறியை எழுப்புவது என்று கணிப்பொறிக்குத் தெரியாது. பல வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். சூடேறும்போது கெட்டும், ஆறியபின் நலமாகியும் பலநாள் விளையாட்டுக் காட்டும் இயல்பும் இதற்கு உண்டு. எஞ்சின் அணைந்தால் பிரேக்கிற்குக் கிடைக்கும் துணைவிசை ஓரிரு முறை மிதிக்கும் அளவே எஞ்சியிருக்கும். பிறகு மிதி கல்லாக இறுகும். பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இரவு நேரம், நான்குவழிச் சாலை, பின்னே விரைந்து வரும் லாரி, உள்ளே உறங்கும் குழந்தைகள். அந்நிலையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்துணையும் கூறியபின், இவற்றினும் பெரிதாக நான் கருதும் தீங்கைச் சொல்கின்றேன். என்னிடம் பயின்று இன்று பணிமனை நடத்தும் மாணவர் ஒருவர் ஒருநாள் என்னிடம் கூறினார்: “ஐயா, நடுவழியில் நின்று கயிறு கட்டி இழுத்துவரும் வண்டிக்காரர்களிடம், எஞ்சின் விளக்கு எப்போது எரிந்தது என்று கேட்பேன். பலரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: ‘அது எப்பவுமே எரியுதுங்க.’”

அந்த ‘எப்பவுமே’ என்னும் சொல்லில்தான் பேராபத்து உறைகிறது. எஞ்சின் உணரிகள் பல. அவற்றிற்கான பழுதுக் குறியீடுகளும் பல. ஆனால் அத்தனைக்குமாக முன்னே இருக்கும் மஞ்சள் விளக்கு ஒன்றே. தை மாதத்தில் ஒரு சிறு பழுதுக்காக அது எரிகிறது. வண்டி ஓடுகிறது, உரிமையாளர் விட்டுவிடுகிறார். கண் அவ்வொளிக்குப் பழகிவிடுகிறது. ஆடி மாதத்தில் வேறொரு பெரும் பழுது நேர்கிறது. கணிப்பொறி அதையும் கடமை தவறாமல் பதிகிறது. ஆனால் அறிவிக்க அதற்கு வேறு விளக்கு இல்லை. ஏற்கெனவே எரியும் விளக்கை மீண்டும் எப்படி ஏற்றும்? முதல் பழுதைப் பொறுத்துக்கொண்டவர், அடுத்து வரும் பழுதுகள் அனைத்திற்கும் வாய்ப்பூட்டு இட்டுவிடுகிறார். எப்போதும் எரியும் எச்சரிக்கை விளக்கும் எரியாத விளக்கும் பயனால் ஒன்றே.

சிறிய பழுது, செலவு குறைந்த பழுது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்போர்க்கு என் மறுமொழி இதுதான். அந்தப் பழுது சிறியதாகவே இருக்கலாம். ஆனால் அது அடைத்துவைத்திருக்கும் வாசல் பெரிது.

விளக்குகளின் மொழியையும் அறிந்துகொள்ளுங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டியைப் பதற்றமின்றி ஓட்டி, விரைவில் பணிமனையில் காட்டுக. அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டருள் எரிபொருள் சரிவர எரியவில்லை என்றும், கன்வெர்ட்டர் அழியும் நிலையில் உள்ளது என்றும் பொருள். வேகத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. ஆயில் அழுத்தத்திற்கோ வெப்பத்திற்கோ உரிய சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். ‘இன்னும் நாலு கிலோமீட்டர்தானே’ என்னும் எண்ணம் எஞ்சினையே விலையாகக் கேட்கும். கொதித்த எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை அது ஆறும்வரை திறக்கலாகாது. முகத்திலும் கையிலும் கொதிநீர் பாயும்.

செய்யத் தகாதவை சிலவும் உண்டு. பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும். சிறு ஸ்கேனர் கருவியால் குறியீட்டை அழித்தாலும் அணையும். பழுது அப்படியே இருக்கும். அதனோடு, பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சின் எந்நிலையில் இருந்தது எனக் கணிப்பொறி குறித்துவைத்த விவரமும் அழிந்துபோகும். நோயாளியின் காய்ச்சலைப் போக்காமல் வெப்பமானியை உதறி வைப்பது போன்றது அது. விளக்கின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவோரும் உளர்.

இதற்கு எதிர்ப்புறமாக வேறொரு பிழையும் நிகழ்கிறது. குறியீடு ஓர் உணரியின் பெயரைச் சொன்னதும் அவ்வுணரியையே கழற்றி எறிந்து புதிது மாட்டுவது அது. உணரி உண்மையைச் சொல்லியிருக்கலாம். காற்றுக்குழாயில் விரிசல் இருந்தாலும், எலி கம்பியைக் கடித்திருந்தாலும், இணைப்பில் களிம்பு ஏறியிருந்தாலும் குறியீடு உணரியின் பேரிலேயே வரலாம். செய்தி கொண்டுவந்த தூதனைத் தண்டித்துவிட்டுச் செய்தியை மறப்பது அறிவுடைமை ஆகாது. ஆகவே மெக்கானிக்கிடம், “எந்தக் குறியீடு வந்தது? கம்பியையும் இணைப்பையும் சோதித்தீர்களா? உணரிதான் பழுது என்று எப்படி உறுதி செய்தீர்கள்?” என்று பணிவோடு கேளுங்கள். குறியீட்டைத் தாளில் எழுதி வாங்கி, வண்டியின் ஆவணங்களோடு வைத்திருங்கள்.

பழைய வண்டி வாங்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியவே இல்லையெனில், விளக்கு தானாகக் கெட்டதா, பிறர் கெடுத்ததா என்று ஐயுறுங்கள். இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் சொந்த வண்டியிலும் இதைச் செய்து பாருங்கள். ஐந்து நொடி போதும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்டுபவர் பழகிப்போன விளக்கை, அருகில் அமர்ந்திருப்பவரின் கண்ணே புதிதாய்க் காணும். “இது என்ன விளக்கு? எத்தனை நாளாய் எரிகிறது?” என்று கேளுங்கள். “அது எப்பவுமே எரியும்” என்று மறுமொழி வந்தால், அடுத்த நெடும்பயணத்திற்கு முன் வண்டி பணிமனைக்குச் சென்று வர வேண்டும் என்று உறுதியாய்ச் சொல்லுங்கள். குழந்தைகள் கேட்டாலும் அதட்டி அடக்காதீர்கள். அவர்களும் நம் வண்டியின் நல்லுணரிகளே.