சேற்றிலிருந்து சிறகுக்கு



ஆற்றில் கொட்டிய நஞ்சு ஆற்றோடு போய்விடும் என்று நம்புகிறோம். போகாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்குச் சாட்சி, நாம் கையால் விரட்டும் சின்னஞ்சிறு பூச்சி!

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு இரண்டு ஆலைகள் இருந்தன. மின்தேக்கி செய்யும் ஆலைகள். அங்கே பயன்பட்ட பிசிபி என்ற எண்ணெய் 1947 முதல் 1977 வரை ஆற்றில் கலந்தது. 590 டன் வரை இருக்கும் என்பது கணக்கு. அது எளிதில் எரியாது, மட்காது. ஆலைக்கு அது பிடித்ததும் அதனால்தான். ஆற்றுக்கு எமன் ஆனதும் அதனால்தான்.

எண்ணெய் சேற்றில் படிந்தது. அந்தச் சேற்றில் மேய்வது யார்? பூச்சிகளின் புழுக்கள். பிசிபி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே புழுவின் கொழுப்பில் போய்த் தங்கியது.

அடுத்து, புழுவுக்குச் சிறகு முளைக்க வேண்டும். உருமாறும் நாளில் அது தன் கொழுப்பையே எரித்து உடலை மாற்றிக்கொள்கிறது. காட்மியம் போன்ற உலோகங்களில் பெரும்பகுதி அப்போது கழிந்துவிடும். பிசிபி கழியாது. பால் சுண்டச் சுண்ட இனிப்புத் தூக்கலாவது போல, உடல் இளைக்க இளைக்க நஞ்சு செறிகிறது. அதைச் சுமந்துகொண்டு பூச்சி பறக்கிறது.

பறந்த பூச்சியைத் தகைவிலான் குருவி பிடித்தது, குஞ்சுக்கு ஊட்டியது. ஹட்சன் கரைக் குருவிகளின் உடலில் பிசிபி மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். கூடுகட்டும் திறமையே குன்றியிருந்தது! ஆற்றில் இறங்காத பறவைக்கு ஆற்று நஞ்சு வந்த வழி இதுதான், நண்பர்களே.

இது அமெரிக்காவின் கதை என்று கைகட்டி இருக்க முடியாது. பிசிபி எண்ணெய் உலகெங்கும் டிரான்ஸ்பார்மர்களில் ஊற்றப்பட்டது. 2025 டிசம்பர் 31-க்குள் அதன் பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்று நம் மத்திய அரசு 2016-இலேயே ஆணையிட்டது. ஆணை தாளில் இருந்தால் போதுமா? நம் ஊரில் ஒரு பழைய டிரான்ஸ்பார்மர் காயலான் கடைக்குப் போகிறதென்றால், அதன் எண்ணெய் எங்கே போகிறது என்று கேளுங்கள். நகராட்சியில் கேளுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேளுங்கள்.

அந்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றச் சில நிமிடம் போதும். ஹட்சன் சேற்றை அள்ளும் வேலை 2009-இல் தொடங்கி 2015-இல்தான் முடிந்தது. அள்ளிய பிறகும் மிச்சம் இருக்கிறது. ஊற்றிய பிறகு அழுது பயனில்லை. ஊற்றுவதற்கு முன்பே கேட்போம்!